மஞ்சள் பனியன்

ஏப்ரல் 21, திங்கள்

மோசஸ் சார் இன்று காலை என் மடியில் ஒரு மஞ்சள் பனியனைத் தூக்கிப் போட்டார். மற்ற பதினொரு பேருக்கும் நீலம். வாலிபாலில் ஒருத்தன் மட்டும் வேறு நிறம் போட்டிருந்தால் அவன் லிபரோ. சர்வ் போடக் கூடாது, எதிராளி அடியை மறிக்க பிளாக்குக்குக் குதிக்கக் கூடாது, வலைக்கு மேலே கை தூக்கி அடிக்கக் கூடாது. எதிராளி அடிக்கிற பந்தைத் தரையில் விழாமல் எடுத்து செட்டரிடம் கொடுக்க வேண்டும். மற்றவன் சமைக்கக் காய் நறுக்கிக் கொடுக்கிற வேலை.

பதினாலு வருடமாக இந்த மாவட்டத்தில் செட்டர் என்றால் பால்வண்ணன்தான். அடிக்கிறவன் கைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவன் நான். என் பந்தை அடித்துப் பேர் வாங்கின தடியன்கள் ஆளுக்கொரு அரசுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து தொந்தி போட்டுவிட்டான்கள். நான் சம்மருக்குச் சம்மர் டீம் வைத்திருக்கிற எந்த முதலாளி கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். போன வருடம் வரைக்கும் செட்டராகத்தான் போனேன்.

எங்கள் கோச் மோசஸ் சார் ரிட்டயர் ஆன டிரில் மாஸ்டர். மைதானத்திலும் வகுப்பு நடத்துகிற குரல்தான். "முட்டி ரெண்டும் போயிட்டுல்லா. லிபரோன்னா குதிக்க வேண்டாம். ஒனக்கு நல்லதுதானடே செஞ்சிருக்கேன்" என்றார். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

புது செட்டர் பேர் ரெக்சன். நாசரேத் பக்கம். வயது இருபத்திரண்டு. வந்ததும் "அண்ணே, நீங்க ஆடுறதப் பாத்துதான் நான் செட்டர் ஆனேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நான் கையை உருவிக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

டீமை நடத்துகிற அரவைமில் முதலாளி அணஞ்சபெருமாள் எங்களைத் தன் உரக் கோடவுன் மாடியில் தங்க வைத்திருக்கிறார். சோற்றில் கூட யூரியா வாடை. ஜூன் ஒன்றாம் தேதி கடற்கரைக் கோப்பை ஃபைனல் வரை ஆறு வாரம் இங்கேதான் கிடக்க வேண்டும். வாரா வாரம் ஒரு ஊரில் மேட்ச். முதல் மூன்றும் பழக்க ஆட்டம், தோற்றாலும் கோப்பைக்குக் கணக்கில்லை.

நீலப் பனியன் ஆளுக்கு இரண்டு. மஞ்சள் ஒன்றே ஒன்று. பிராக்டிஸ் முடிந்ததும் நானே துவைத்து நானே காயப்போட வேண்டியிருக்கிறது. கொடியில் நீலத்துக்கு நடுவே தனியாகத் தொங்குகிறது, பார்க்கவே எரிச்சலாக வருகிறது.

மாடிப்படி இருபத்தாறு. எண்ணவேண்டும் என்று எண்ணவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஏறும்போது தன்னால் எண்ணத் தோன்றுகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் மேட்ச். மூன்று செட்டிலும் தோற்றோம். இலை அசையாத புழுக்கம், வேர்வையில் பந்து வழுக்கியது.

என் பாஸ் எல்லாம் செட்டருக்கு இரண்டடி பின்னால் போனது. காற்று. வெட்டவெளியில் ஆடினால் அப்படித்தான். ரெக்சன் பின்னுக்கு ஓடி ஓடி எடுத்தான். ஓடி எடுத்தால் சென்டரில் நிற்கிறவனுக்கு வேகப் பந்து கொடுக்க முடியாது, ஓரத்துக்கு உயரமாகத் தூக்கித்தான் ஆக வேண்டும். எதிராளி இரண்டு பேர் சாவகாசமாக வந்து பிளாக் போட்டான்கள். மோசஸ் சார் டைம் அவுட்டில் ரெக்சனைக் கிழி கிழி என்று கிழித்தார், காலில் ஆணியா அடித்திருக்கிறது என்று.

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

இரண்டாவது மேட்ச். மைக்கில் பேசுகிறவன் ஒரு கிறுக்கன். நான் உள்ளே போகும்போதெல்லாம் "இதோ வருகிறார், அந்தக் காலத்து செட்டர்" என்கிறான். அந்தக் காலமாம். எனக்கு முப்பத்தாறு வயது.

மூன்றாவது செட்டில் ஒரு பந்து என் கையில் பட்டு ஸ்கோர் எழுதுகிற மேஜைப் பக்கம் போனது. ரெக்சன் பயல் விழுந்தடித்து ஓடி, மேஜை மேல் ஒரு கையை ஊன்றி, அங்கிருந்தே திரும்பாமல் பின்னால் தூக்கினான். பந்து சொல்லிவைத்த மாதிரி வலையோரம் வந்து இறங்கியது. சனம் மொத்தமும் எழுந்து நின்று விசில் அடித்தது. மைக் கிறுக்கன் அவன் பேரை மூன்று தரம் சொன்னான். பந்தை எடுத்துக் கொடுத்த என் பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் தோற்றோம். சாயங்காலம் மோசஸ் சார் எல்லோரையும் உட்காரவைத்து, பாஸ் ஏன் சேரமாட்டேன் என்கிறது என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே ரெக்சன் எழுந்து, "நான்தான் சார் லேட்டு. அண்ணன் பாஸ் சரியாத்தான் வருது" என்றான்.

நடிப்பு. பெரியவர்கள் முன்னால் நல்ல பிள்ளை வேஷம் போடுகிறவன்களை எனக்குத் தெரியும்.

மே 7, புதன்

மில்லிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான். சென்னையிலிருந்து ஒரு துறை அணிக்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்களாம். அவர்களுக்கு வேண்டியது செட்டர். எங்கள் மேட்சை இரண்டு மூன்று தரம் பார்ப்பார்களாம். பிடித்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர வேலை, அறுபது வயது வரைக்கும். யாரை மனதில் வைத்து வருகிறார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. அந்தப் பயல் செய்தி கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை. மொட்டை மாடியில் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறான், தலைவலிக்கிறது.

எனக்கும் இருபத்துமூன்று வயதில் இப்படி வந்தார்கள். கடைசியில் நானும் இன்னொருத்தனும். அவனை எடுத்தார்கள். அவன் மாமா அங்கே பெரிய ஆபீசர் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவனுக்கு மாமாவே கிடையாது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது.

ரெக்சனுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது. எழுதிவைக்கிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

மே 11, ஞாயிறு

துறைக்காரர் ஒருத்தர் வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, முன்வரிசை நாற்காலி.

இன்றைக்கு என் பாஸ் ஒன்றும் சேரவில்லை. ஒன்று இடது பக்கம், ஒன்று வலைக்கு அந்தப் பக்கம் போகிற மாதிரி, ஒன்று தாழ்வாக. மனுஷன் ஆடினால் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். ரெக்சன் நாய் மாதிரி ஓடினான். ஒரு தரம் கயிற்றில் விழுந்து தொடை முழுக்கச் சிராய்ப்பு. எழுந்து ஆடினான். ஐந்து செட் வரைக்கும் இழுத்துத் தோற்றோம்.

முடிந்ததும் மோசஸ் சார் சிரித்துக்கொண்டே வந்தார். தோற்ற மனுஷன் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்தால், வெள்ளைத் தொப்பி அவரிடம் சொன்னாராம்: "நல்ல பந்த எல்லாரும் தூக்குவாங்க சார். இம்புட்டு மோசமான பாஸ இப்படி எடுத்துக் குடுக்கிற பையன நான் பாத்ததே இல்ல. கோப்பை ஆட்டத்துக்கும் வாறோம்."

இம்புட்டு மோசமான பாஸ்! அவனுக்குக் குழி வெட்டுகிறேன் என்று நான் மேடை கட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பரோட்டாவோடு எழுந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

ஒரு நாள் லீவு. வீட்டுக்குப் போனேன். பெண்டாட்டி இசக்கி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என் முட்டியைப் பார்த்தாள், எழுந்து போய் வெந்நீர் வைத்தாள். ஒத்தடம் கொடுக்கும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கோபம் வரும். அதனால் நானே ரெக்சன் கதையை ஆரம்பித்து, அவனை வாய்க்கு வந்தபடி திட்டி, அந்த வேலைக்கு அவன் எப்படிப் போகிறான் என்று பார்த்துவிடுகிறேன் என்றேன்.

அவள் ஒரு பீடிக்கு நூல் கட்டி முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அவன் வேலைக்குப் போயிட்டா முதலாளி டீம்ல ஆட முடியுமா?"

முடியாது, துறைக்காரன் வெளி கிளப்புக்கு ஆடக் கூடாது என்றேன்.

"அப்ப அவன் எடத்துல யாரு நிப்பா? அவன் போனாத்தான உங்களுக்குச் செட்டர் எடம். இதக்கூட யோசிக்காம அவனப் புடிச்சு வச்சுக்கிட்டா இருக்கிய?"

ஒரு வாரமாக இது என் மண்டையில் ஏறவே இல்லை. எட்டாவதோடு நின்றவள் பீடி சுற்றிக்கொண்டே சொல்கிறாள். வெந்நீர் கொதிக்கிறது, பார்த்து வைக்கத் தெரியாதா என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மே 14, புதன்

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். ஒழியட்டும். நானே அவனை அந்த வேலைக்குத் தள்ளிவிடுகிறேன்.

மே 18, ஞாயிறு

ஜெயித்தோம். மூன்று நேர் செட்.

இன்றைக்கு நான் எடுத்த பந்து ஒவ்வொன்றும் ரெக்சனின் வலது தோளுக்கு நேரே போய் இறங்கியது. அவன் ஓரடி நகரவில்லை. காற்று பேயாய் அடித்தது, பந்தல் துணி பிய்ந்து பறந்தது, பாஸ் மட்டும் பிசகவில்லை.

பாஸ் சரியாகப் போனால் அந்தப் பயல் சும்மா நிற்பான், சாதாரணமாகத் தெரிவான் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அப்படி ஆகவில்லை. சென்டரில் நிற்கிறவன் குதித்த பிறகு, கை மேலே போன பிறகு, அந்தக் கைக்குள் பந்தைக் கொண்டுபோய் வைத்தான். எதிராளி பிளாக்குக்குக் கையைத் தூக்கவே இல்லை. முன்னால் கொடுக்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு பின்னால் கொடுத்தான். நான் பின்னாலிருந்து பார்க்கிறேன், எனக்கே எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

நானும் இதெல்லாம் செய்திருக்கிறேன். இந்த அளவு வேகத்தில் இல்லை. கிட்டத்தட்ட.

வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, நாலு வாரமா நான் நிக்கிற எடந்தான் தப்புன்னு நெனச்சு பயந்துட்டேன். இன்னைக்கு ஒங்க பாஸ் வந்த பொறவுதான் உசுரு வந்துச்சு" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இவ்வளவு வெள்ளை மனசாக ஒருத்தன் இருந்தால் மற்றவன் எப்படித்தான் இருப்பது.

மே 21, புதன்

பனியனில் காவி மண் கறை. மூன்று தரம் தேய்த்தேன், போகவில்லை.

மே 25, ஞாயிறு

செமி ஃபைனலும் ஜெயித்தோம். முதலாளியே மாடிக்கு வந்தார். மனுஷன் சிரித்து நான் பார்த்ததில்லை, இன்றைக்கும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"இந்தப் பயல கொண்டு போயிருவானுவ போலுக்கு. போயிட்டான்னா அடுத்த வருசம் யாரு தூக்குவா?"

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். நான் இருக்கேன் அண்ணாச்சி என்றேன். செட்டர் குதிக்காமலும் தூக்கலாம், கைதான் முக்கியம் என்றேன். என் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது, எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"ஃபைனல் முடியட்டும். ஒன் கைய பாப்போம்" என்றார்.

லிபரோவின் கையை எங்கே பார்ப்பது? நான் இரண்டு முழங்கையையும் சேர்த்து வைத்துப் பந்தை வாங்குகிறேன். விரல் பட வேலையே இல்லை.

மே 29, வியாழன்

முட்டி வீங்கியிருக்கிறது. யாருக்கும் தெரியாது. ரெக்சன் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி என் பாய் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது உருகிப் பாய் நனைந்தது. தொடவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

தோற்றோம். ஐந்தாவது செட், பதினைந்துக்குப் பதிமூன்று.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஊரில் ஆளுக்கொன்று பேசுவான், உள்ளதை நான் எழுதிவைக்கிறேன்.

வெள்ளைத் தொப்பியும் இன்னும் இரண்டு பேரும் முன்வரிசையில். பக்கத்தில் முதலாளி. நாலு செட் வரை என் பாஸில் எவனும் குறை சொல்ல முடியாது. ரெக்சனும் ஆடினான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களுக்குப் பதினாலு, எங்களுக்குப் பதிமூன்று. அவர்கள் அடித்த பந்து பிளாக்கில் உரசி வலைக்குக் கீழே செத்து விழப் போனது. ரெக்சன் குப்புறப் பாய்ந்து, புறங்கையைத் தரைக்கும் பந்துக்கும் நடுவே செருகி எடுத்துவிட்டான். அந்தப் பந்தை எந்த லிபரோவும் எடுத்திருக்க மாட்டான்.

செட்டர் முதல் பந்தை எடுத்துவிட்டால் இரண்டாவது பந்தைத் தூக்குவது லிபரோ வேலை. பந்து எனக்கு வந்தது, நல்ல உயரமாக, பூப்போல. இங்கேதான் ஒரு சட்டம் இருக்கிறது. வலையிலிருந்து மூன்று மீட்டரில் ஒரு கோடு. அதற்குப் பின்னால் நின்றால் லிபரோ விரலால் தூக்கலாம். கோட்டை மிதித்தாலோ தாண்டினாலோ முழங்கையால்தான் தட்ட வேண்டும். விரலால் தூக்கி அதை நம் ஆள் அடித்தால் ஃபவுல், பாயிண்ட் எதிராளிக்கு.

நான் விரலால் தூக்கினேன். எங்கள் ஆள் அடித்தான், ஒருத்தனும் தொடவில்லை, பந்து தரையில் குத்தி வெளியே பறந்தது. பதினாலுக்குப் பதினாலு என்று எல்லோரும் கத்தும்போது ரெஃப்ரி விசில் ஊதி என் காலைக் காட்டினார்.

சுண்ணாம்புக் கோடு அழிந்து கிடந்தது. எங்கே கோடு, எங்கே மண் என்று தெரியவில்லை. இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். மைக்கில் அந்தக் கிறுக்கன் என்னவோ சொன்னான், சனம் சிரித்தது. ஒருத்தன் தண்ணீர் பாக்கெட்டை என் மேல் எறிந்தான். மோசஸ் சார் என் பக்கமே திரும்பவில்லை. ரெக்சன் மட்டும் ரெஃப்ரியிடம் போய், "கோடு அழிஞ்சிருக்கு சார், நீங்களே வந்து பாருங்க" என்று மன்றாடிக்கொண்டிருந்தான்.

ஜூன் 2, திங்கள்

பனியனை மடித்து மாடியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இசக்கி வெந்நீர் வைத்தாள்.

ஜூன் 5, வியாழன்

ரெக்சனை எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் இரண்டு வரி. இனி செட்டர் இடம் காலி. முதலாளி கூப்பிடுவார். போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

முதலாளி கூப்பிடவில்லை. ரெக்சன் கூப்பிட்டான்.

அடுத்த வாரம் வேலையில் சேர்கிறானாம். சொல்லிவிட்டுப் போக நேற்று முதலாளியைப் பார்க்கப் போயிருக்கிறான். அடுத்த வருடத்துக்குக் கேரளாவிலிருந்து ஒரு செட்டர் பேசி முடித்தாகிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். இவன் விடாமல், பால்வண்ணன் அண்ணன் இருக்கும்போது எதற்கு வெளி ஆள், அவர் பாஸை ஆறு வாரம் எதிரே நின்று வாங்கியவன் சொல்கிறேன் என்று வாதாடியிருக்கிறான். முதலாளி கடைசிப் பந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கோடு அழிந்திருந்தது என்று இவன் சொன்னதும் அவர் சொன்னாராம்: "கோடு தெரியாம மிதிச்சிருந்தா அவனுக்குத்தான் எடம் குடுத்திருப்பேன். தெரிஞ்சு மிதிச்சவன வச்சு என்னடே செய்ய?"

எனக்காக அவனுக்குக் கோபம்.

"அழிஞ்சுதானண்ணே இருந்துச்சு? நான் தரையில கெடந்தேன், எனக்குச் சரியாத் தெரியல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் திரும்பப் போயி முதலாளிட்ட சண்ட போடுதேன்."

ஆமா, அழிஞ்சுதான் இருந்துச்சு, விடு, சண்டையெல்லாம் வேண்டாம், போய் வேலையைப் பார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஐந்தாவது செட்டுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து சுண்ணாம்பு போட்டார்கள். கோடு வெள்ளை வெளேர் என்று கிடந்தது. பந்து மேலே நிற்கும்போது நான் குனிந்து கோட்டைப் பார்த்தேன். ஓரடி பின்னால் போக நேரம் இருந்தது, ஆனால் அங்கிருந்து தூக்கினால் பந்து வலையோரம் அவ்வளவு அழகாகப் போய் நிற்காது. முழங்கையால் தட்டியிருந்தாலும் போதும், மேட்ச் நடந்துகொண்டிருக்கும். ரெக்சன் தரையில் கிடந்து தலையைத் தூக்கி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளிக்காக இல்லை, தொப்பிக்காரருக்காக இல்லை. அந்தப் பயல் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றுதான் கோட்டில் காலை வைத்துத் தூக்கினேன்.